நாற்பத்திரண்டாவது ஜோடி

இறால் கம்பெனியில் ஒருத்திக்கு இன்னொருத்தி செய்யும் பெரிய உதவி ஒன்று உண்டு. பக்கத்து இடத்துக்காரி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து யாராவது அவளைக் கேட்டால், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் "கீறா" என்று, அதாவது இருக்கிறாள் என்று, சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட்டதா, பால்வாடியிலிருந்து பிள்ளையைக் கூட்டி மாமியாரிடம் விட வேண்டுமா, ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்களா, போகிறவள் கால் மணி நேரத்தில் போய்விட்டு வந்துவிடுவாள். அதுவரைக்கும் அவள் தட்டில் கிடக்கும் இறாலையும் சேர்த்து அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உரித்துவிடுவார்கள். பெரிய இடத்து ஆபீஸ்களில் இதற்கெல்லாம் விண்ணப்பம், கையெழுத்து என்று ஆயிரம் சடங்கு இருக்குமாம். தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு வார்த்தை போதும்.

கண்டுபிடிக்கவும் வழி கிடையாது. வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, மூக்குக்கும் வாய்க்கும் துணி, முழங்கால் வரைக்கும் நீல நிற கம்பூட்ஸ். நாற்பத்தொரு பெண்கள் வரிசையாக நின்று உரிக்கும்போது யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. எண்ணிப் பார்க்க வருகிறவன் முப்பதைத் தாண்டியதும் குழம்பி, சரி இருக்கட்டும் என்று போய்விடுவான்.

இந்த நாற்பத்தொரு பேருக்கும் சூப்பர்வைசர் மங்கை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே மேசையில் இறால் உரித்தவள்தான். அவள் விரல் நுனிகளைப் பார்த்தாலே தெரியும், இறால் ஓட்டின் அரிப்புக்குப் படிகாரம் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப் போயிருக்கும். அவள் புருஷன் படகில் விழுந்து இடுப்பொடிந்து ஒரு மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு ஓடியவள் மங்கை. அந்த ஒரு மாதமும் மற்ற நாற்பது பேரும் அவளுக்காக "கீறா" என்று சொன்னார்கள். ஒருத்தி வாயும் தவறவில்லை. அதையெல்லாம் மறந்தால் சோறு இறங்குமா? சூப்பர்வைசர் ஆன பிறகும், யாராவது கேட்டால் மங்கையும் கண்ணை எடுக்காமல் "கீறா" என்றுதான் சொல்லிவந்தாள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனிக்குத்தான் வேதமாணிக்கம் வந்து சேர்ந்தார்.

தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி, மீசை மட்டும் தடிமன். இறாலை உறைய வைக்கும் குளிர் அறைகளெல்லாம் அமோனியா வாயுவில் ஓடுபவை. அந்த வாயு கசிந்தால் என்ன செய்வது என்று பழக்கிக் காட்ட வேண்டும், ஒத்திகை நடத்தி அவர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும் என்று மேனேஜர் ரவிக்குமார் அவரை அழைத்து வந்திருந்தார்.

"மணலி காத்தையும் எண்ணூரு காத்தையும் மோந்து வளந்த மூக்கு சார் இது," என்றாள் சிலுவையம்மாள். மேசையிலேயே மூத்தவள், ராயபுரத்துக்காரி, அறுபதை எட்டிக்கொண்டிருந்தாள். "அமோனியா இன்னா பண்ணிரும்?"

"மூக்கு உங்களுதும்மா. நுரையீரலும் உங்களுதுதான்," என்றார் வேதமாணிக்கம் சிரிக்காமல். "சங்கு ஊதினா போட்டது போட்டபடி வெளிய வரணும். வழியில மாட்டிக்கிட்டா ஈரத்துணியால மூக்கு வாயை மூடிக்கிட்டு, தண்ணி இருக்கிற இடமா பாத்து உக்காரணும். அந்த வாயுவைத் தண்ணி இழுத்துக்கும். வெளிய வந்தவங்களை மங்கையம்மா எண்ணணும். யார் உள்ள இருக்காங்கன்னு நான் கேட்டா ஒரு நிமிஷத்துல பதில் வரணும்."

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நாற்பது பேரும் போட்டது போட்டபடி ஓடினார்கள் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. அவர்கள் நேராகப் போய் நின்றது செருப்பு வைக்கும் மர மாடத்தின் முன்னால். கம்பூட்ஸோடு தெருவில் கால் வைக்கக்கூடாது, செருப்போடு உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சுத்தம் பார்க்கும் வெளிநாட்டுக்காரனுக்காக வந்த சட்டம், இருபது வருஷத்தில் காலுக்கே பழகிவிட்டது. மாடமோ அமோனியா மிஷின் அறையின் கதவுக்குப் பக்கத்தில். வாயு கசிந்தால் முதலில் நிறையும் இடத்தில் நின்றுகொண்டு எல்லாரும் பூட்ஸைக் கழற்றிச் செருப்பு மாட்டினார்கள். வேதமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

வெளியே வாசலில் நின்று மங்கை பெயர் படித்தாள்.

"நர்மதா?"

"கீறா," என்றன மூன்று குரல்கள்.

மங்கை தலையை நிமிர்த்தினாள். நர்மதாவைக் காணோம். மணி பன்னிரண்டு. நர்மதா தினமும் பன்னிரண்டுக்குப் பால்வாடிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவருகிறவள். அப்புறமென்ன? மங்கை பெயருக்கு நேரே கோடு போட்டாள். படித்து முடித்து, "நாப்பத்தொண்ணு சார். அல்லாரும் கீறாங்க," என்று தாளை நீட்டினாள்.

வேதமாணிக்கம் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. உள்ளே போனார். குளிர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் நர்மதா வந்தாள், உதடு நீலம் பாரித்து, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"நான்தான் இந்தம்மாவை உள்ள ஒளிஞ்சிருக்கச் சொன்னேன்," என்றார். "பத்து நிமிஷமா உள்ள இருந்தாங்க. நெசமான வாயுவா இருந்தா செத்திருப்பாங்க. நீங்க நாப்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. யாரும் தேடிக்கூடப் போயிருக்க மாட்டோம்."

நர்மதா மங்கையைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாக்கா, நீயுமா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். தன் கையிலிருந்த தாளையும் அந்தக் கோட்டையும் பார்க்கவே மங்கைக்கு அருவருப்பாக இருந்தது.

மேனேஜர் அறையில் மங்கை ஒன்றையும் மறைக்கவில்லை. யார் யார் எத்தனை மணிக்குப் போவார்கள், எதற்குப் போவார்கள், எத்தனை வருஷமாக நடக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். "நானும்தான் சார் போயிக்கீறேன். இன்னிக்கு இல்லாத பொண்ண கீறான்னு சொன்னதும் நான்தான்."

ரவிக்குமார் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த மனுஷன் கோபப்பட்டால் கொஞ்சம் அதிகமாகத்தான் படுவார். "நாளையிலேருந்து கேட்டுக்குப் பூட்டு. ஆறு மணி வரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாது," என்றார்.

"பூட்டுங்க," என்றார் வேதமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டு. "உள்ள நாப்பது பொம்பளைங்க, பக்கத்து ரூம்ல அமோனியா, கேட்டுல பூட்டு. நான் எழுத வேண்டியதை எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன், அப்புறம் நீங்களாச்சு லைசென்ஸாச்சு." ரவிக்குமார் பேனாவை மூடி வைத்தார். வேதமாணிக்கம் மங்கையிடம் திரும்பினார். "யார் எங்க போறாங்கன்னு எனக்குக் கவலையில்லைம்மா. உள்ள யார் இருக்காங்கன்னு மட்டும் எனக்கு நெசம் தெரியணும். அடுத்த புதன்கிழமை திரும்ப வரேன்."

"அன்னிக்கும் தப்பாச்சுன்னா பூட்டுக்குப் பதிலா விரல் வைக்கிற மிஷினும் வாட்ச்மேனும் வந்துரும் மங்கை. ஒருத்தியும் வெளிய கால் வைக்க முடியாது," என்றார் ரவிக்குமார்.

ஒரு வாரம். அவ்வளவுதான் கெடு. எண்ணிக்கை நிஜமாக இருக்க வேண்டும், அந்தக் கால் மணி நேரமும் பெண்களுக்குப் போய்விடக்கூடாது. மங்கை முதலில் வாசலில் ஒரு நோட்டுப் போட்டு, வெளியே போகிறவள் எழுதிவிட்டுப் போகட்டும் என்றாள். ஒருத்தியும் எழுதவில்லை.

"எய்தி வெச்சா அத்த மேனேஜர் படிப்பாரு," என்றாள் சிலுவையம்மாள். "நீ கேளு, உயிரக்கூட குடுக்கறோம். நாங்க ஊர் சுத்தறதுக்கு நாங்களே சாட்சி எய்தணுமா? நல்ல கதையா கீதே மங்க."

சரி, யாருக்காகவும் யாரும் பொய் சொல்லக்கூடாது என்று கெஞ்சிப் பார்த்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று மத்தியானமே ரவிக்குமார் வந்து ஜோதிகாவைக் கேட்டார். "கீறா," என்றன நான்கு குரல்கள். ஜோதிகா அந்த நேரம் விம்கோ நகரில் அக்கா வீட்டில் இருந்தாள். இருபது வருஷத்துப் பழக்கத்தை வாயிடம் போய் விட்டுவிடு என்றால் அது கேட்குமா? மங்கைக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே சமயம் சிரிப்பும் வந்தது, அதுதான் கொடுமை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் செருப்பு மாடத்துப் பக்கமாக வந்தாள். சும்மாதான் வந்தாள். மாடத்தில் நாற்பத்தொரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். ஹவாய் செருப்பு, பின் குத்திய செருப்பு, போன பொங்கலுக்கு வாங்கிய பூப்போட்ட செருப்பு. பதினேழாம் கட்டத்தில் மட்டும் செருப்பு இல்லை. நீல கம்பூட்ஸ் ஒரு ஜோடி தளர்ந்து சாய்ந்து நின்றது. பதினேழு நர்மதாவின் கட்டம். நர்மதா பால்வாடிக்குப் போயிருந்தாள்.

மங்கை அங்கேயே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கும் மாடம். கட்டத்தில் செருப்பு இருந்தால் ஆள் கம்பெனிக்குள்ளே. பூட்ஸ் இருந்தால் ஆள் வெளியே. யாரும் எழுத வேண்டாம், யாரும் கேட்க வேண்டாம், யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். தினம் தினம் நாற்பத்தொரு பேரும் தங்கள் காலாலேயே நிஜத்தைச் சொல்லிவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆள்தான் இல்லை.

திங்கட்கிழமை மாடத்தைப் பெயர்த்தார்கள். மிஷின் ஆபரேட்டர் பொன்ராஜும் அவன் கூட்டாளி ஷாரிக்கும் அதைச் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சண்டை. வாசல் கேட்டுப் பக்கம் என்றார் மேனேஜர். சிலுவையம்மாள் விடவில்லை. "மத்தியானமானா கடக்காத்து ஏறும் சார். கம்பெனிய தாண்டி கேட்டாண்டதான் அடிக்கும். கேஸு அல்லாம் எங்க மூஞ்சிலதான் வந்து விய்யும். கெயக்கு சொவுத்தாண்ட வைங்க, பாதாம் மரத்தாண்ட. காத்து முதுவுக்கு பின்னால இருந்து வரும்." மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் படகு அனுப்பிய குடும்பத்துக்காரியிடம் காற்றைப் பற்றி மேனேஜர் என்ன வாதாடுவார்? மாடம் கிழக்குச் சுவரோரம் பாதாம் மரத்தடிக்குப் போனது.

மங்கை எல்லாரையும் அங்கே நிற்க வைத்துச் சொன்னாள். "சங்கு ஊதினா பூட்ஸோட ஓடியாங்க. அவங்கவங்க செருப்புக்கு முன்னால நில்லுங்க. நான் பேரு படிக்க மாட்டேன். எந்தச் செருப்பு முன்னால ஆள் இல்லியோ அவ உள்ள மாட்டிகினா. எந்தக் கட்டத்துல பூட்ஸ் கீதோ அவ வெளிய போயிக்கீறா, அவளுக்கு ஒண்ணியும் இல்ல. புரிஞ்சுதா?"

"அப்ப கீறான்னு சொல்ல வாணாமா?" என்று கேட்டாள் ஜோதிகா.

"வாணாம். வாயே தொறக்க வாணாம்."

"அதான் கஷ்டம்," என்றாள் சிலுவையம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் நர்மதா எங்கேயோ போய்விட்டு ஒரு ஜோடி பழுப்புச் செருப்போடு வந்தாள். மங்கையின் செருப்பு. சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து மங்கை அதை மேனேஜர் அறை வாசலில்தான் கழற்றிப் போடுவாள். நர்மதா அதை மாடத்தின் மேல்பலகையில், கட்டமே இல்லாத இடத்தில், எடுத்து வைத்துப் பக்கத்தில் சாக்பீஸால் 42 என்று எழுதினாள்.

"எனக்கு எதுக்குடி? நான்தான எண்ணப்போறேன்," என்றாள் மங்கை.

"ஒன்னிய யாரு எண்ணுவா?" என்றாள் நர்மதா. குளிர் அறையிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் மங்கையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மங்கை செருப்பை அங்கேயே விட்டுவைத்தாள்.

புதன்கிழமை ஒத்திகையில் வேதமாணிக்கம் இந்த முறை இரண்டு பேரை ஒளித்து வைத்தார். நாற்பது நொடியில் மங்கை எட்டாம் நம்பரையும் முப்பத்தொன்றாம் நம்பரையும் கைகாட்டினாள். பதினேழில் பூட்ஸ் இருப்பதையும் அவர் பார்த்தார், பார்த்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பி, "விரல் மிஷினுக்கு வெச்ச பணத்துல முகமூடியும் காத்து சிலிண்டரும் வாங்குங்க சார். அலமாரியில வெச்சுப் பூட்டாதீங்க," என்றார். கையெழுத்துப் போட்டார். போகும்போது மாடத்தை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மங்கை அன்றைக்கு எல்லாருக்கும் தன் செலவில் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தாள். சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மணி பன்னிரண்டரை தாண்டியிருக்கும், நர்மதா பால்வாடிக்குப் போய்த் திரும்பியிருந்தாள், நிஜமாகவே சங்கு ஊதியது.

மிஷின் அறையில் ஒரு வால்வின் கழுத்து விட்டுப்போயிருந்தது. சங்கு அடங்குவதற்குள் மூக்கில் ஏறியது அந்த வாடை, ஆயிரம் சிறுநீர்க் கழிப்பறையை ஒன்றாகத் திறந்தது போல. பெண்கள் ஓடினார்கள். மங்கை ஓடவில்லை. கழிப்பறை இரண்டையும் தட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை. அதோடு போயிருக்கலாம். குளிர் அறையைப் பார்க்காமல் போக அவள் காலுக்கு மனசு வரவில்லை. நர்மதாவின் நீல உதடு கண்ணுக்குள்ளேயே இருந்தது. கடைசி வரைக்கும் போய்க் கதவைத் திறந்து, "உள்ள யாரு?" என்று கத்தினாள். ஐஸ் பெட்டிகளைத் தவிர ஒருவரும் இல்லை.

திரும்பினால் நடைவழி வெள்ளையாக இருந்தது. மிஷின் அறைக் கதவின் இடுக்கிலிருந்து புகை வழிந்து வழியை அடைத்திருந்தது. இரண்டடி வைத்தாள். கண்ணில் மிளகாய்த் தூளை அப்பியது போல எரிந்தது, மூச்சு உள்ளே போகாமல் தொண்டையில் நின்றது. பின்னால் திரும்பித் தட்டுக் கழுவும் இடத்துக்குள் தடுமாறி விழுந்தாள். அதற்கு வேறு வாசல் கிடையாது. குழாயை முழுசாகத் திறந்து அதற்கடியில் உட்கார்ந்தாள். முந்தானையை நனைத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். வேதமாணிக்கம் சொன்னதெல்லாம் சரியாக நினைவு வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவு வந்தது. எண்ணுகிறவள் இங்கே இருக்கிறாள். வெளியே எண்ண யார் இருக்கிறார்கள்? மங்கை எங்கே என்று மேனேஜர் கேட்பார். ஆபீஸ் பக்கமாகப் போயிருக்கும் என்று ஒருத்தி நினைப்பாள். நினைத்த மாத்திரத்தில் நாலு வாய் ஒன்றாகச் சொல்லும். எந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு மாதம் முழுக்க அவளைக் காப்பாற்றிய அதே வார்த்தை. மங்கைக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தைக்கு அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புகைக்குள் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. ஷாரிக் குழாயைப் பிடித்து வழியெல்லாம் நனைத்துக்கொண்டு வர, அவனுக்கு முன்னால் முகமூடியும் முதுகில் சிலிண்டருமாகப் பொன்ராஜ் வந்தான். மங்கையின் முகத்தில் இன்னொரு முகமூடியை அழுத்தி, அவளைத் தோளோடு அணைத்து இழுத்துக்கொண்டு போனான்.

பாதாம் மரத்தடியில் கடல்காற்று முதுகில் அடித்தது. மங்கை மண்ணில் உட்கார்ந்து இருமி இருமி மூச்சை வாங்கினாள். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, நாற்பது பேரும் கம்பூட்ஸோடு அவரவர் செருப்புக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தார்கள். அவளிடம் ஓடிவர ஒருத்திக்கும் தோன்றாமல் இல்லை. எண்ணி முடிக்கிற வரைக்கும் நகரக்கூடாது என்று அவளேதான் சொல்லியிருந்தாள். இருபத்தெட்டாம் கட்டத்தில் பூட்ஸ் நின்றது. ஜோதிகாவுடையது. ரவிக்குமார் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜோதிகாவே ரேஷன் பையோடு சின்னக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "இன்னாச்சு? இன்னா அல்லாரும் வெளிய நின்னுகினு கீறீங்க?" என்று கேட்டாள்.

"வால்வ மூடியாச்சுக்கா," என்றான் பொன்ராஜ், முகமூடியைக் கழற்றிக்கொண்டே. "அத்த மூடிட்டு நான் வெளிய வந்துட்டேன். இதுங்கதான் திரும்ப உள்ள தொரத்திச்சுங்க."

"மேனேஜரு மங்கை எங்கன்னு கேட்டாரு," என்றாள் சிலுவையம்மாள். "ஆபீஸ்ல கீறான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு மங்க. ஆண்டவரே, வாய் வரைக்கும் வந்துருச்சு. இந்த நர்மதாதான் மேல கைய காட்னா."

மேல்பலகையில் பழுப்புச் செருப்பு ஒரு ஜோடி தனியாக இருந்தது. நர்மதா தன் இடத்தை விட்டு வந்து அதை எடுத்தாள். மங்கையின் கால்மாட்டில் குந்தி, தண்ணீர் நிறைந்த பூட்ஸ் இரண்டையும் உருவிக் கவிழ்த்துவிட்டு, ஈரப் பாதத்தில் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கேஸ் காரணமாக இருக்கலாம்.

"நீ இல்லன்னு சொன்னேன்க்கா," என்றாள். "நாப்பது பேரும் சொன்னோம்."